ஏர் ஒதுங்கிய இடம்

சுந்தரம்மாளின் மேட்டுக் கொல்லை நெல்லிவாசல்நாடு என்ற மலைக் கிராமத்தில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கிடக்கிறது. கிழக்கே பாறை, மேற்கே ஜீப் போகிற மண் பாதை, வடக்கே ஓடை, தெற்கே புளியமரங்கள். சாமையும் கொள்ளும் மாறி மாறி விளைந்த நிலம். இப்போது அதில் எதுவும் விதைப்பதில்லை. வேலூர்க்காரர்கள் அவளை மயக்கிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மகனோடு சண்டை என்று இன்னொரு பேச்சு. இரண்டும் சரியில்லை.

வேலூர்க்காரர்கள் என்று ஊர் சொல்வது தேவயானியையும் அவள் கணவன் ஆதிநாராயணனையும். அவள் படம் வரைபவள், அவன் களிமண்ணில் உருவம் செய்பவன். சுந்தரம்மாளின் கணவன் தசரதன் இறந்து, மகன் குமரேசன் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்த சமயம் அது. நிலம் உழ ஆளில்லாமல் கிடந்தது. இருவரும் வந்து கேட்டார்கள்.

"மூணு வருசம் ஏர் பூட்டாம, மருந்து அடிக்காம, ஆடு மாடு விடாம எங்களுக்குக் குத்தகைக்குக் குடுங்கக்கா. தானா எது மொளைக்குதோ மொளைக்கட்டும்" என்றாள் தேவயானி.

"மொளைச்சா?"

"டவுன்ல இருந்து ஆளுங்களக் கூட்டிட்டு வருவோம். உக்காந்து பாப்பாங்க."

"இன்னாத்தப் பாப்பாங்க?"

"மொளைச்சதத்தான்."

சுந்தரம்மாள் சிரித்துவிட்டாள். பக்கத்துக் கொல்லை மங்கம்மாள் அதைக் கேட்டுவிட்டு ஊர் முழுக்கச் சொன்னாள். "களை எடுக்க ஆளு கெடைக்காம நாம அல்லாடறோம். களையப் பாக்கறதுக்கு பஸ் ஏறி வர்றாங்களாம், களைய!"

ஆனாலும் சுந்தரம்மாள் சம்மதித்தாள். சும்மா கிடக்கிற நிலம், கேட்டவர்களும் மரியாதையாகப் பேசுகிறவர்கள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள்.

முதல் மழைக்குத் தும்பையும் துத்தியும் வந்தன. அடுத்த மழைக்கு ஆவாரம் இடுப்பளவு நின்றது. மூன்றாவது வருஷம் கொல்லைக்குள் கௌதாரி குஞ்சு பொரித்தது. பாறைப் பக்கம் உடும்பு ஒன்று குடியேறியது. ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ்ஸிலும் அங்கிருந்து ஜீப்பிலுமாக ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கயிற்று வளையம் கொடுப்பாள் தேவயானி. பிடித்த இடத்தில் அதைத் தரையில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வளையத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அந்த மண்ணையே குழைத்து வரைய வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒருமுறை வேலூர் பேங்கு அதிகாரி ஒருவர் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் குதிரில் சேர்த்து வைத்திருந்த பழைய சாமையில் சோறு ஆக்கிப் போட்ட சுந்தரம்மாள் மட்டும், அன்று அவருக்கு இன்னொரு கரண்டி கூடப் போட்டாள்.

குத்தகை முடிய ஒரு மாதம் இருக்கும்போது, தேவயானி ஒரு வளையத்தை அவளிடம் நீட்டினாள்.

"எல்லாருக்கும் சோறு போட்டீங்க. நீங்க ஒரு நாளும் உக்காரலையே. இன்னிக்கு உக்காருங்கக்கா."

"எனக்கு இன்னாத்துக்கும்மா இது? பொறந்ததுல இருந்து இந்த மண்ணத்தான் பாக்கறேன்."

"உங்களுக்குப் புடிச்ச எடம்னு ஒண்ணு இருக்கும்ல? அங்க போடுங்க."

சுந்தரம்மாள் வளையத்தை வாங்கிக்கொண்டாள். யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கால் தானாக நடந்தது. கொல்லையின் நடுவிலிருந்து ஓடைப் பக்கமாகக் கொஞ்சம் போனாள், நின்றாள். திரும்பி இரண்டு எட்டு வைத்தாள். பாறையைப் பார்த்தாள், புளியமரத்தைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். அவள் நல்ல இடமாகத் தேடுகிறாள் என்று தேவயானி தூரத்தில் புன்னகையோடு நின்றிருந்தாள். சுந்தரம்மாள் வளையத்தைப் போடவே இல்லை.

அவளுடைய மூத்த குழந்தை அந்தக் கொல்லையில் இருக்கிறது. பெண் குழந்தை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஓடையில் வெள்ளம் வடியும் முன்பே போய்விட்டது. அத்தனை சின்னக் குழந்தைக்கு அவர்கள் வீட்டில் கல் நடுவதில்லை. புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போவதும் இல்லை. தசரதன் துணியில் சுற்றி எடுத்துப் போனான், வெறும் கையோடு திரும்பி வந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் அவன் ஏர் பூட்டியபோது அவள் வரப்பில் கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்தாள். நேராக வந்துகொண்டிருந்த ஏர் ஓரிடத்தில் ஒதுங்கியது. சுற்றிக்கொண்டு போய் மறுபடி நேரானது. அடுத்த உழவுச் சாலிலும் அப்படியே. உழுது முடித்தபோது செம்மண் நடுவில் ஒரு முறம் அகலத்துக்குப் புல் அப்படியே நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு உழவிலும் அவன் அந்த இடத்தில் மாட்டை ஒதுக்கினான். ஊசிப்புல் அங்கே மட்டும் வளர்ந்து காய்ந்து மறுபடி வளர்ந்தது. அவள் களை எடுக்கும்போது அதற்குப் பக்கத்தில் வந்தால் கொஞ்சம் மெதுவாக எடுப்பாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே காலம் போய்விட்டது.

உழுத நிலத்தில் உழாத இடம்தான் அடையாளம். மூன்று வருஷம் ஏரே ஓடாத நிலத்தில் அது எங்கே இருக்கும்? அந்தப் புல்லாவது காட்டிக்கொடுக்கும் என்று பார்த்தாள். ஊசிப்புல் காற்றில் பறந்து கொல்லை முழுக்க முளைத்திருந்தது. அதன் விதை அவள் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, எடம் அமையலையா?" என்று கிட்டே வந்த தேவயானி, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

அன்றுதான் சுந்தரம்மாள் அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். தேவயானி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்களால வந்ததுக்கா."

"நீ இன்னா பண்ணுவ? உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கில்ல தோணியிருக்கணும்?"

அந்த மாதம் முழுக்க மூவரும் தேடினார்கள். தேவயானி தான் வரைந்த முதல் வருஷப் படங்களை எல்லாம் பரப்பிப் பார்த்தாள். ஆதிநாராயணன் முழங்காலில் ஊர்ந்து மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒருநாள் ஓடைப் பக்கம் மண் இறுகிய ஓரிடத்தைக் காட்டினான். இன்னொரு நாள் வேறொரு இடம் அதேபோல இருந்தது. பிறகு தேடுவதை விட்டார்கள்.

குத்தகை முடிந்த வாரம் குமரேசன் குடகிலிருந்து வந்தான். ஜமுனாமரத்தூரில் வாடகைக்கு டிராக்டர் பேசி, அதற்கு அடுத்த நாள் காலையிலேயே கொல்லை ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போடுவது என்று குடகில் இருந்தபோதே முடிவு செய்திருந்தான். இனிமேல் தோட்ட வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவளுக்கும் அதே ஆசைதான்.

"எறங்குடா" என்றாள் சுந்தரம்மாள்.

"இன்னாம்மா? அவங்க கெடு முடிஞ்சிடுச்சுல்ல. ஊரே சிரிக்குது, புல்லு வெள்ளாம பண்றவன்னு."

அவள் சொன்னாள். தனக்கு ஒரு அக்கா இருந்து இறந்தாள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். எங்கே என்பது தெரியாது. டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். செருப்பைக் கழற்றி வரப்பிலேயே விட்டான்.

"சரிம்மா. எடத்தக் காட்டு. அப்பா மாதிரியே நானும் ஒதுங்கி ஓட்டிக்கிறேன்."

அவள் கையை உயர்த்தினாள். ஏதோ ஓர் இடத்தைக் காட்டினால் போதும். அதைச் சுற்றி ஓட்டிவிட்டு அவன் கிழங்கு போடுவான், வீட்டோடு இருப்பான். அந்த இடத்தையே அவள் கும்பிட்டுக்கொண்டும் இருக்கலாம். உயர்ந்த கை அப்படியே நின்றது. அந்த இடம் அதுவாக இல்லாவிட்டால், மற்ற இடமெல்லாம் கலப்பை ஓடுமே.

கையை இறக்கினாள்.

"தெரியலடா."

"நல்லா நெனச்சுப் பாரும்மா. குத்துமதிப்பா சொன்னாக்கூடப் போதும்."

"குத்துமதிப்பா சொல்ற எடமாடா அது?"

"அப்ப நான் எங்கதான் ஓட்டறது?"

"எங்கயும் ஓட்டாத."

அவன் டிராக்டர்க்காரனுக்குப் போன் போட்டு, வண்டியைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னான். குரலில் கோபம் இருந்தது. ஆனால் பேசி முடித்ததும் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, "பேரு இன்னா வெச்சீங்க?" என்று கேட்டான்.

"வெக்கல. அதுக்குள்ள போய்ட்டா."

பத்து நாள் கழித்துக் குமரேசன் மறுபடி குடகுக்கு பஸ் ஏறினான். தேவயானியும் ஆதிநாராயணனும் இப்போதும் ஆட்களைக் கூட்டிவருகிறார்கள். குத்தகை என்று எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கயிற்று வளையம் அவரவர் போட்ட இடத்தில் கிடக்கிறது, அதற்குள் அவர்கள் பார்க்கிறார்கள். எது அந்தக் குழந்தையின் இடமோ, யாராவது ஒருவர் அதன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

குதிரில் மிச்சமிருந்த சாமையும் தீர்ந்து, தை பிறந்த பிறகு ஒரு நாள் சுந்தரம்மாள் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமை விலை கேட்டாள்.

தானியக் கடை ஜெயசுதா அவளை நன்றாக அறிந்தவள். "நீ இன்னாக்கா என்கிட்ட வந்து நிக்கற? உங்க கொல்லைச் சாமையத்தான நான் வாங்கி வித்துக்கினு இருந்தேன்?"

"இந்த வருசமும் இல்லம்மா."

"சரி, அடுத்த வருசத்துக்காவது எனக்குன்னு ஒரு மூட்ட எடுத்து வெய்யி."

"அடுத்த வருசமும் இல்ல" என்று சொல்லி, சுந்தரம்மாள் பையை விரித்துப் பிடித்தாள்.