விட்டுப்போன அரை நொடி

ஒரு கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது ஒழுங்காக ஓடினால் எழுதியவனை யாருக்கும் தெரியாது, ஓடாவிட்டால் ஊருக்கே தெரியும். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

பெரம்பலூரில் எங்களுடையது சின்னக் கம்பெனி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது தரை எவ்வளவு அதிர்கிறது என்று அளக்கும் கருவி செய்தோம். யுஎஸ்பி வயர் வழியாக லேப்டாப்புக்குத் தகவல் வரும்.

அறுந்த கோடு

அரியலூர்ப் பக்கம் ஒரு சுரங்கத்தை ஒட்டி செல்வராணி அக்காவின் வீடு. சுவரில் விரல் நுழையும் விரிசல். அவர் புகார் கொடுத்ததால் எங்கள் கருவியை அவர் வாசலில் வைத்தோம். வெடித்தது. என் காலடி குலுங்கியது. திரையில் கோடு ஏறி, உச்சிக்குப் போகுமுன் அறுந்து, தணிந்த இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. என் டிரைவர் ஒவ்வொரு அளவாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததைக் கேட்பதற்குள் கருவியின் சிறிய நினைவகம் நிரம்பி, அரை நொடித் தகவல் போய்விட்டது.

கிடைத்ததை வைத்து, எங்கள் கம்பெனியில் அதிர்வு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னிடம் வந்தார்.

"ஏந்தம்பி, என் காலுக்குத் தெரிஞ்சது ஒங்க மிஷினுக்குத் தெரியலையா?"

கட்டுக் கட்டாக

ஒவ்வொன்றாகக் கேட்பதை விட்டு, நூற்றுக்கணக்கான அளவுகளை ஒரே கட்டாக வாங்கினேன். ஒரு கட்டு வரும்போதே அடுத்ததற்கும் சொல்லி வைத்தேன். வேகம் கூடியது. ஆனால் கருவி இருந்த மேசையைக் குத்திப் பார்த்தால் கடைசித் துண்டு வரவில்லை. கட்டு நிரம்பட்டும் என்று கருவி மிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. கொஞ்சம் பொறுத்தும் நிரம்பாவிட்டால் இருப்பதை அனுப்பு என்று மாற்றினேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

எங்கள் கம்பெனியில் கருவிகளைச் சோதிக்கும் நூர்ஜஹான், லப்பைக்குடிக்காட்டுப் பெண், பார்த்துவிட்டுப் பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"வேகத்தக் கூட்டுனீங்க, சரி. அந்த ரிப்போர்ட் தப்புன்னு யாருக்காச்சும் எழுதுனீங்களா சார்?"

முழுக் கோடு

முதலாளி வேண்டாம் என்றார். அந்த அறிக்கை தப்பு என்று சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு என் பெயரிலேயே எழுதிப் போட்டேன். மறுபடி அளந்தோம், கோடு அறுபடாமல் வரம்பைத் தாண்டி ஏறியது. வெடிமருந்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மறுபடி அளக்கப் போனபோதே அக்கா அங்கே இல்லை. அதற்கு முந்தின வாரம் மழையில் பின்சுவர் விழுந்து, ஆண்டிமடத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். தேடிப்போய் உத்தரவுக் காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"இது அன்னைக்கே வந்திருந்தா, நான் இன்னைக்கு அடுத்தவ வூட்ல ஒண்டிக்கிட்டு இருப்பனா?"

டிரைவர் வேகமாகிவிட்டது, அதை எழுதியவன் வாய் திறக்கத்தான் மூன்று வாரம் ஆனது.