வால் முளைத்த இரத்தம்

அந்தக் கிழமை முழுக்க என் தம்பி கொட்டாஞ்சேனை வீட்டு ஹோலில் பாய் போட்டுப் படுத்தான். உள்ளே கர்ப்பிணி மனைவி. அவன் துறைமுகக் களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பூச்சிமருந்துப் புகை அடிப்பவன். அந்தப் புகை இரத்தத்தில் இறங்கியிருந்தால் தன் மூச்சுக்கூடப் பிள்ளைக்கு ஆகாது என்று அவனாகவே தீர்மானித்துக்கொண்டான்.

அந்தப் பயம் அவனுக்கு வந்தது எங்கள் ஆய்வுகூடத்திலிருந்துதான். நான் அங்கே நுணுக்குக்காட்டியில் கண் வைத்திருப்பவள். இரத்தக் கலங்களை ஜெல்லில் பதித்து மின்சாரம் பாய்ச்சுவோம். முழுதான டி.என்.ஏ. நிலாவாய் உருண்டு கிடக்கும். உடைந்தது இழுபட்டு வால்வெள்ளியாகும். வால் நீண்டால் சேதம் அதிகம். தம்பி உட்படக் களஞ்சியத்தார் இரத்தமெல்லாம் வால். ஒப்பிட எடுத்த அலுவலகத்தார் இரத்தமெல்லாம் நிலா.

"என்னக்கா, எனக்கு வால் முளைச்சிட்டாமே? அது சின்ன வயசிலயே இருக்கெண்டு அம்மா சொல்லுறவ," என்று சிரித்தான் தம்பி. அன்றுதான் பாய் ஹோலுக்கு வந்தது.

வெள்ளவத்தையிலிருந்து வரும் புள்ளிவிபர மிஸ் எங்கள் வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏன் இவ்வளவு புள்ளி?"

"ஒவ்வொரு கலத்துக்கும் ஒண்டு, மிஸ்."

"ஒராளிட்ட ஆயிரம் கலம் எண்ணினாலும் அவர் ஒராள்தானே? ஆளுக்கொரு புள்ளி வையுங்கோ. சரி, எந்த நாள் ஆரின்ர இரத்தத்தை ஜெல்லில ஓட்டினனீங்கள்?"

களஞ்சியத்தாரைச் செவ்வாய், அலுவலகத்தாரைப் புதன் என்றேன். களஞ்சியத்தார் வேலைக்கு நடுவே வந்து கை நீட்டியவர்கள், அவர்களை முதலில் முடிப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

"செவ்வாய் ஏசி வேலை செய்ததோ?"

செய்யவில்லை. அறை புழுங்கித் தள்ளியது. புதன் காலைதான் திருத்துகிறவர் வந்தார். சூட்டிலும் வால் நீளும்.

"அப்ப நீங்கள் மனிசரை ஒப்பிடேல்ல, பிள்ளை. செவ்வாயையும் புதனையும் ஒப்பிட்டிருக்கிறீங்கள்."

மறுபடி எல்லோரிடமும் இரத்தம் கேட்டோம். "இரத்தம் குடிக்கிற நுளம்பே பரவாயில்லை. ஒருக்கா குத்தினா விட்டிடும்," என்று முனகிக்கொண்டே தம்பி கை நீட்டினான்.

இம்முறை ஒவ்வொரு ஓட்டத்திலும் இரு தரப்பையும் கலந்தோம். எந்த இரத்தம் எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யாரென்பது மிஸ்ஸுக்கு மட்டும் தெரியும். எல்லாம் நிலாவாய் இருக்கட்டும் என்று என் கண் ஏங்கியது. எது தம்பியென்று தெரியாததால் அந்த ஏக்கத்துக்குப் போக்கிடமில்லை. கடலோரம் ரயில் போனால் மேசை நடுங்கும். நிலாக்களும் வால்வெள்ளிகளும் ஒன்றாய் நடுங்கும், நானும்.

கடைசியில் மிஸ் இலக்கங்களைப் பிரித்துக் கணக்குப் போட்டார். வால்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

"பெரிய வித்தியாசம் ஒண்டும் தெரியேல்ல," என்றார். நான் போனைத் தேடினேன். "அதுக்காக வித்தியாசமே இல்லையெண்டும் சொல்லேலாது. புகை அடிக்கேக்க மாஸ்க்கைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

களஞ்சியத்தார் எல்லோருக்கும் அறிவித்தோம். தம்பிக்கு நானே போன் எடுத்தேன். கொச்சிக்கடை பஸ் இரைச்சலுக்கு நடுவே கேட்டுக்கொண்டான். பிறகு மூக்கை உறிஞ்சினான்.

மறுநாள் காலை அவன் மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், உங்கட தம்பி கட்டில் முழுக்கப் பரந்து கிடக்கிறார். எனக்கும் பிள்ளைக்கும் இடமில்லை. திரும்ப ஹோலுக்கு அனுப்பச் சொல்லி ஒரு ரிப்போர்ட் தாங்கோவன்."