டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்கிறவர்கள் இவ்வளவு பேர்: சாமி படங்கள், நெல் அளக்கிற மரக்கால், கடலை நிறுக்கிற தராசு, மோட்டார் சைக்கிள், அதற்கப்புறம் நான். வரிசையை வகுத்தவர் என் மாமியார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. அது வந்த பிறகு வீட்டில் யார்தான் அதற்கு முன்னால் நின்றார்கள்?

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். புதுக்கோட்டையில் பழைய அதிகாரி ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, என் வீட்டுக்காரர் அந்த வண்டியை வாங்கி இலுப்பூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் கடலை வியாபாரம். ஊர் ஊராகப் போய், காட்டிலேயே கடலையைப் பார்த்து விலை பேசுகிறவர். அதுவரை சைக்கிள் மிதித்தவர், வண்டி வந்த பிறகு நாலு வீடு தள்ளி வெற்றிலை வாங்கப் போவதற்கும் அதை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். திரும்பி வரும்போது தெருவே பார்க்கிறதா என்று ஒரு பார்வை வேறு.

மாமியாருக்குத்தான் ஒரு குழப்பம் வந்தது. பொட்டு வைக்க வேண்டும், சரி, வண்டிக்கு நெற்றி எது? ஹெட்லைட் கண் என்று ஆகிவிட்டது, கண்ணில் சந்தனம் அப்ப முடியாது. ஹேண்டில்பார் கை. ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுக்க யோசித்து, பெட்ரோல் டேங்க்கின் மூடிதான் நெற்றி என்று தீர்ப்புச் சொன்னார். அதன் நட்ட நடுவில் கெட்டியாகக் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். வண்டி லட்சணமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் வண்டிக்கு வியாதி வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது சிங்கம் மாதிரி போகும். அஞ்சாறு மைல் தாண்டியதும் இருமும், அப்புறம் விக்கும், கடைசியில் அப்படியே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு ஒரு வெற்றிலை போடுவார். பிறகு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். அடுத்த அஞ்சாறு மைலில் மறுபடியும் அதே கதை.

“அதுக்கு ரெஸ்ட் வேணும். குதிரை மாதிரி,” என்பார்.

குதிரையை இவர் எப்போது வைத்திருந்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தார். யுத்தத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவர், அதனால் அவர் சொன்னதற்கு அப்பீல் கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமானை ரிப்பேருக்கு அனுப்பக்கூடாது, சனி ஆகாது, செவ்வாய் கூடவே கூடாது என்று மாமியார் தள்ளித் தள்ளி, வண்டி அவரிடம் போவது எப்போதும் புதன், இல்லாவிட்டால் வியாழன். போய்ச் சேர்ந்ததும் அவர் முதல் காரியமாக மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டுவார். வண்டி ஜம்மென்று போகும்.

“மிஸ்ஸிங்கே இல்லீங்களே மொதலாளி,” என்பார். ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று பிளக்கை மாற்றுவார். அடுத்த தடவை பாயிண்ட். அதற்கடுத்த தடவை கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, மாட்டிக் கொடுத்தார். வண்டி ஒழுங்காக வீடு வந்து சேரும். வெள்ளிக்கிழமை மறுபடி இருமும்.

மழையில் நடந்ததுதான் வேடிக்கை. ஐப்பசி அடைமழையில் திருமயம் போய்த் திரும்பினார். தொப்பலாக நனைந்து வந்து, “ஒரு இருமல் இல்ல, தெரியுமா” என்றார். மழையில் எந்த வண்டியும் நிற்கும், இவருடையது மழையில் மட்டும்தான் ஓடும். மெக்கானிக்கிடம் சொன்னதற்கு, இன்ஜின் சூட்டுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு பித்தளைச் செம்பைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், வண்டி நின்ற இடத்தில் எல்லாம் இன்ஜினுக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தார். திருஷ்டிதான் என்று மாமியார் பொட்டைப் பெரிதாக்கினார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது, என் வேலைக்கு ஆபத்து வரும் வரைக்கும்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தபால்காரர் சைக்கிள் பெல் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுவேன். கடைசியில் ஆர்டர் வந்தே விட்டது. புதுக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். புதுக்கோட்டை ஆபீசுக்குப் போய்க் குறிப்பிட்ட தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். புதன்கிழமையே பஸ்ஸில் போய்விடலாம் என்றேன். “நல்ல காரியத்துக்கு வெள்ளிக்கெழமதான்,” என்றார் மாமியார். “நான் வண்டியில கொண்டுபோய் விடுறேன், எதுக்குப் பஸ்ஸு?” என்றார் மகன். அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசித் தேதி.

அன்றைக்குப் பொட்டு அடை அளவுக்கு இருந்தது. நான் பட்டுப்புடவையில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். அன்னவாசல் தாண்டியதும் இருமல் வந்தது, விக்கல் வந்தது, நின்றது. வெற்றிலை போட்டார், ரெஸ்ட் கொடுத்தார். உதைத்தார், கிளம்பவில்லை. செம்புத் தண்ணீரை ஊற்றினார். பிளக்கில் கையைச் சுட்டுக்கொண்டார். புதுக்கோட்டை பஸ் எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. கையைக் காட்டி நிறுத்த ஓடினேன், “மானத்த வாங்காத” என்று தடுத்துவிட்டார். அடுத்த பஸ் சாயந்திரம்தான். இத்தனை நாள் காத்திருந்த வேலை இந்த இரும்புச் சாமானின் விக்கலில் போகப்போகிறது என்று நினைத்தபோது அவரையும் வண்டியையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளலாம்போல இருந்தது.

“மூடியத் தொறந்து பாருங்க,” என்றேன்.

“காலையிலதான் ரொப்பினேன். அதுக்குள்ள எங்கிட்டுப் போயிருக்கும்? ஒனக்கு என்ன தெரியும், சும்மா நில்லு.”

சும்மா நிற்க முடியவில்லை. நானே போய்த் திருகினேன். மூடி இளகியதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், டேங்க் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி. எனக்கு எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் டின் நினைவுக்கு வந்தது. ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும், அப்புறம் நின்றே போகும். எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். சமையலறைக்குள் கால் வைத்த யாருக்கும் இது தெரியும். மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் கடுகளவு துவாரம். அதற்கு நேர் மேலே, காய்ந்து இறுகி, என் மாமியாரின் பக்தி.

மழையில் கரைந்து போனதும், புதன் வியாழனில் தானாக உதிர்ந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொண்டை ஊசியை உருவிக் குத்தினேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மூடியைப் போட்டு, “இப்ப ஒதைங்க” என்றேன். ஒரே உதைதான். ஆபீசில், சாப்பிடக் கிளம்பிய கிளார்க்கை மறித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், “பிளக்க ஒரு தட்டுத் தட்டினேன், சரியாயிருச்சு” என்று தெருவுக்கே சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. “நான் வைக்கிற சந்தனமா ஒங்களுக்கு வெனையாப் போச்சு?” என்று அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. நான் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுச் சோறு போட்டேன். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பொட்டு வைத்து முடித்து உள்ளே போனதும், நான் கொண்டை ஊசியால் பொட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்துவேன். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு என் வீட்டுக்காரர் கடலைக்குப் போவார், சாயந்திரம் நான் பஸ்ஸில் வருவேன். வண்டிக்கு இருமலே இல்லை. பெருமை பிளக்குக்குப் போனது.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது முழுப்பரீட்சை முடிந்த சமயம். கடைத்தெருவில் எவனோ ஒரு தரகு வியாபாரி இவரைப் பார்த்து, “பொண்டாட்டி சம்பளத்துலதான் பெட்ரோலா?” என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து, “லீவு முடிஞ்சு போவேணாம். எழுதிக் குடுத்துரு,” என்றார். நான் படித்ததை எல்லாம் சொன்னேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சொன்னேன், அழுதும் பார்த்தேன். மாமியார் மகன் பக்கம். இனி பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது.

“சரிங்க,” என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பொட்டு வந்தது. கொண்டை ஊசி கொண்டையிலேயே இருந்தது.

கடலை பிடுங்குகிற காலம். வண்டி ஒவ்வொரு காட்டு வழியிலும் அவரை இறக்கிவிட்டு நின்றது. வேறு வியாபாரிகள் முந்திக்கொண்டார்கள். ஒரு நாள் கடைத்தெரு வழியாகவே தள்ளிக்கொண்டு வந்தார், அந்தத் தரகு வியாபாரி கடை வாசலில் நின்று பார்த்தானாம். மெக்கானிக் இன்னொரு பிளக் மாற்றினார். செம்பு மறுபடி வெளியே வந்தது. மாமியார் பொட்டை இன்னும் தடிமனாக்கி, எலுமிச்சம்பழமும் கட்டினார். இருமல் தீரவில்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதோடு பயமும். இவர்கள் புத்திக்கு எட்டுவதற்குள் லீவு முடிந்துவிட்டால்?

கடைசியில் மாமியாருக்குத்தான் எட்டியது. என்னை வைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார்:

“ஏம்ப்பா, இவ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குத்தானே வண்டி சரியாச்சு? நிப்பாட்டுன்னு நீ சொன்னதுலேருந்துதானே கெட்டுக் கெடக்கு? இவ ராசியில ஓடுற வண்டிப்பா அது.”

அவர் எலுமிச்சம்பழத்தை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டார். “பள்ளிக்கூடம் என்னைக்குத் தொறக்குது?” என்று கேட்டார்.

“திங்கக்கெழமைங்க.”

“போயிட்டு வா. நான் விடுறேன்.”

திங்கட்கிழமை விடியற்காலையில் கொண்டை ஊசி மறுபடி வெளியே வந்தது. வண்டி ஒரு இருமல் இல்லாமல் போனது. பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட்டு, “பாத்தியா, எல்லாம் ஒன் ராசி” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பைவிட அதிகமாக வயிறு எரிந்தது. என் படிப்பு, என் அழுகை, என் பிள்ளைகள் எதற்கும் இரங்காத வீடு ஒரு மோட்டார் சைக்கிளின் நன்மைக்காக என்னை வேலைக்கு அனுப்பியிருந்தது.

“ஆமாங்க,” என்று சொல்லிவிட்டு, கொண்டை ஊசியை நன்றாக அழுத்திச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். மணி அடித்துவிட்டிருந்தது.