வலது பக்கமாகவே சுற்றுவேன்

ஜெலுத்தோங் கடலோரம் எழும்பும் கொண்டோ குடியிருப்புக் கட்டடத்தில் டவர் கிரேன் ஓட்டுபவர் குமுதா. வயது நாற்பத்திரண்டு. காலை ஆறரைக்குச் சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து மோட்டாரில் கிளம்புகிறார். ஏழு மணிக்கு ஏணியில் ஏறத் தொடங்கினால் உச்சியிலிருக்கும் கூண்டுக்குள் போய் உட்கார இருபது நிமிடம் ஆகும். மதியச் சோறு முதுகுப் பையில். அந்த உயரத்தில், அந்தக் காற்றில், மாலை வரை தனியாக ஒரு பெண். இதை எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது!

அதற்கு முன் பதினான்கு வருடம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. அங்கே ஆள் குறைத்தபோது வேறு வேலை தேடினார். கிரேன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டார். பதிவு செய்த இடத்தில் ஒருவர், "அக்கா, புக்கு எல்லாம் இங்கிலீஷ். முடியுமா?" என்று கேட்டார். "நான் என்ன புக்கையா தூக்கப் போறேன்? கொடுங்க, படிச்சுக்கிறேன்" என்றாராம்.

படித்தார். ஆனால் சுற்றுவதற்கு மட்டும் இத்தனை சொல்லா என்று முதலில் எரிச்சல் வந்தது. நாம் எல்லாவற்றுக்கும் சுத்து, திருப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறோம். புத்தகத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வினைச்சொல். குமுதா அவற்றை வீட்டுக்குள்ளேயே தேடிப் பிடித்தார். மின்விசிறி செய்வது ஸ்பின். துணியைப் பிழிவது ட்விஸ்ட். கீழ்மாடி முடிதிருத்தும் கடையின் நாற்காலி ஸ்விவல். கொடியில் மாட்டிய கூடை காற்றில் ஆடினால் ஸ்விங்.

ஸ்லூவுக்கு மட்டும் வீட்டில் எதுவுமே இல்லை. கிரேனின் நீண்ட கை முழுவதும் ஒரே தண்டை மையமாக வைத்துப் பக்கவாட்டில் திரும்புவது அது. கடைசியில் தரை துடைக்கும் கம்பை நெஞ்சுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசல் நடைபாதையில் நின்று மெதுவாகத் திரும்பினார். பக்கத்து வீட்டு நூர் பீவியின் கற்றாழைத் தொட்டி பறந்தது.

"ஏ குமுதா! பேய் கீய் புடிச்சிருச்சா?"

"பேய் இல்லக்கா. ஸ்லூ."

"அது எந்த ஊரு பேய்லா?"

குமுதா முதல் தடவையிலேயே தேறினார். தொட்டியும் வாங்கிக் கொடுத்தார்.

கிரேனுக்குக் கீழே நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்பவர் ஹைதர். குமுதா வந்த புதிதில் அவர் எல்லாவற்றுக்கும் "பூசிங், பூசிங்!" என்று மலாயில் கத்துவார். கிரேன் அசையாது. மேலேயிருந்து குரல் மட்டும் வரும்: "எது சுத்தணும்? கிரேன் கையா, கயித்துல தொங்குற சாமானா? சரியான பேரச் சொல்லு தம்பி." ஹைதர் முதலில் முறைத்தார், பிறகு கற்றுக்கொண்டார். அதுவே அந்த சைட்டின் வழக்கமாகிவிட்டது. ஹைதர் சொல்ல வேண்டும், குமுதா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கிரேன் நகரும். அலைவரிசை ஒன்றே ஒன்று. வாக்கி-டாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

போன மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை. கான்கிரீட் லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. லாரியிலிருந்து கான்கிரீட் வாளியைத் தூக்கிக் கட்டடத்தின் மேல் தளத்தில் இறக்க வேண்டும். இடது பக்கம் திரும்பினால் அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வழியில், வாளிக்கு நேர் கீழே, கொங்சி இருந்தது. தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகை. இரவெல்லாம் வேலை செய்த நாற்பது வங்காளதேசத்து ஆட்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் குமுதா வலது பக்கமாகவே போனார். கடலோரக் காலி நிலத்தின் மேல் ஏறக்குறைய முழு வட்டம். போக வர ஒரு வாளிக்கு மூன்று நிமிடம் கூடுதல்.

சைட் மேனேஜர் லோகேஸ்வரன் தன் வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"அக்கா, என்ன, ஊரச் சுத்திப் பாக்குறீங்களா? இடது பக்கம் கிட்டலா!"

"கீழ கொங்சி இருக்கு தம்பி. ஆளுங்க தூங்குறாங்க."

"மத்த ஓட்டுநருங்க அப்படித்தான் போனாங்க. எவன் தலையில விழுந்துச்சு?"

"விழுந்தா ஒரு தடவதான் விழும்."

"சிமெண்டு இறுகுது. இது என் சைட்டு! இடது போகலன்னா எறங்கி வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வேற ஆள் ஏறுவான்."

மேலே கூண்டில் குமுதா யோசித்தார். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. இந்த இருக்கை போனால் இன்னோர் இடத்தில் ஒரு பெண்ணை ஏற்றுவார்களா தெரியாது. ஆனாலும் பொத்தானை அழுத்திப் பேசினார்.

"சரி தம்பி. அப்ப முழுசாச் சொல்லுங்க, இங்கிலீஷ்ல. ஸ்லூ லெஃப்ட், ஓவர் தி கொங்சி, ஃபார்ட்டி மென் இன்சைட். நீங்க சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்."

லோகேஸ்வரன் சொன்னார்: "ஸ்லூ லெஃப்ட்."

"மீதி?"

லோகேஸ்வரன் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"மீதியச் சொல்லுங்க தம்பி. வாளி தொங்கிக்கிட்டு இருக்கு."

அப்போது இன்னொரு குரல் வந்தது. மேனேஜருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், தன் வாக்கி-டாக்கியில் ஹைதர் பேசினார்.

"டவர் கிரேன், ஸ்லூ ரைட்."

"ஸ்லூ ரைட்," என்றார் குமுதா. கிரேன் நகர்ந்தது. அன்று பத்தொன்பது வாளி. பத்தொன்பதும் வலது.

மாலையில் கீழே இறங்கியதும் எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தார் என்று எழுதியிருந்தார்கள். குமுதா நின்றபடியே படித்தார். "எந்த உத்தரவுன்னு இதுல போடலயே? அதப் போடுங்க, கையெழுத்துப் போடுறேன்." கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஓட்டுநர் வேண்டுமென்று, குமுதாவை அனுப்பிய கிரேன் கம்பெனிக்கு லோகேஸ்வரன் போன் செய்தார். காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். அதையும் அவர் எழுதவில்லை.

ஆனால் கான்கிரீட் போட்டவர்களிடமும் வாக்கி-டாக்கி இருந்ததே! நாற்பது பேர் தலைக்கு மேல் என்ற பேச்சு அன்றைக்கே கொங்சிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை காலை, இரவு வேலை முடித்து வந்தவர்கள் உள்ளே போகவே இல்லை. மெத்தையும் தலையணையுமாக வந்து மேனேஜர் அலுவலக வாசலில் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். ஒருவர் லோகேஸ்வரனின் காருக்குக் குறுக்கே படுத்துக் குறட்டை விட்டாராம். யாரும் கத்தவில்லை. தூங்கினார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கொங்சியைப் பிரித்து, கிரேன் கை எட்டாத பின்பக்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை முதல் வாளி. "ஸ்லூ லெஃப்ட்" என்றார் ஹைதர். குமுதா திருப்பிச் சொன்னார். வாளி வெறும் மண்ணின் மேலே நகர்ந்து தளத்தில் போய் நின்றது.

லோகேஸ்வரனால் வாயை அடக்க முடியவில்லை. "இன்னைக்கு மட்டும் ரொம்ப வேகமா இருக்கீங்கக்கா?"

"வழி காலியா இருக்கு தம்பி. அந்த லெட்டர நீங்களே கிழிச்சிட்டீங்களா, இல்ல நான் எறங்கி வந்து கிழிக்கட்டுமா?"

அலைவரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹைதர் இல்லை என்று ஹைதர் சத்தியம் செய்கிறார். கீழே இரண்டாவது வாளி லாரிப் பக்கத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது.