பேனா வைத்திருந்த பிஸ்டன்

போன மாதம் மெக்கானிக் செல்வம் போன் செய்து, "பழைய பிஸ்டன் ஏதாச்சும் வீட்ல கெடக்குதாம்மா? இருந்தா எடுத்தாங்க, பாக்கணும்" என்றார். கிடக்கிறதாவது! எங்கள் வீட்டில் பிஸ்டன்தான் பேனா ஸ்டாண்டு. ஒரு டம்ளர் அளவு அலுமினிய உருளை, மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓட வேண்டியது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் மேசையில் தலைகீழாக நின்று பேனா, பென்சில், ஊக்கு, காது குடையும் குச்சி வரைக்கும் சுமந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். எண்ணெய் வாசனை போய் எத்தனையோ காலம் ஆயிற்று, பென்சில் சீவிய வாசனைதான் வந்தது. ஆனால் மூக்குக்கு வெட்கம் கிடையாது பாருங்கள். இல்லாத வாசனையைப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் புஸ்ஸி வீதிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே ஒரு பாய் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் அண்ணன் போட் இன்ஜினுக்குச் சாமான் வாங்க அங்கேதான் போவான். பில் எழுத ஆள் வேண்டும் என்று பாய் சொல்ல, டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வீட்டில் அம்மாவோடு தினமும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த என்னைக் கொண்டுபோய் விட்டான். மெழுகுத்தாள், கிரீஸ், புது ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலே பாயின் அத்தர், இதுதான் கடை வாசனை. சாயங்காலம் அதைத் தலையிலும் துணியிலும் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கு வந்தால், அங்கே காயும் கருவாட்டோடு கலந்து ஒரு புது வாசனை பிறக்கும். தெருப் பூனை கூடக் குழம்பிப்போய்த் தும்மும்.

அந்தக் கடைக்குத்தான் இவர் வந்தார். இவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர், அப்போது வெறும் வாடிக்கையாளர். சொல்தா வீட்டுப் பிள்ளை. தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அவருடைய மோட்டார் சைக்கிள் மகன் கைக்கு வந்திருந்தது. முதல் நாள் ஸ்பார்க் பிளக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். தாவணி கட்டியிருந்த என்னைப் பார்த்து மதாமாம்! பாய் கல்லாவில் குனிந்து சிரித்தார்.

அடுத்த வாரமே பிஸ்டன் வேண்டும் என்று வந்து நின்றார். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் ஓடி ஓடி, அது ஓடுகிற இரும்புக் குழாயின் உள்சுவர் தேயும். தேய்ந்தால் லேத்தில் கொடுத்துச் சுவரைக் கொஞ்சம் கடைந்து அகலமாக்கி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனாகப் போடுவார்கள். ஸ்டாண்டர்டு என்பது பிறந்த சைஸ், அதற்கு மேல் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் இருபது, நாற்பது, அறுபது. மூன்று தடவைதான் கடையலாம். அப்புறம் சுவரில் சதை இருக்காது.

இவர் இருபது கேட்டார். மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு லாரியில் வர வேண்டும். வந்ததா என்று கேட்க மற்றவர்கள் வாரம் ஒருமுறை வருவார்கள், இவர் தினமும் வந்தார். வரவில்லை என்பேன். பரவாயில்லைங்க என்பார். போகாமல் ஆயில் டின்களின் லேபிளைப் படித்துக்கொண்டு நிற்பார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தம்பிக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடும்மா, கால் வலிக்கப்போகுது என்றார்.

இருபது வந்து, வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷமே திரும்பவும் வந்து நாற்பது கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வண்டியை இப்படியா பாழாக்குவது? "ஆயில் ஊத்தி ஓட்டுறீங்களா, தண்ணி ஊத்தி ஓட்டுறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "ஆயில்தாங்க" என்றார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அந்த நாற்பது வர நாள் பிடித்தது. அதற்குள் அவருடைய பள்ளிக்கூடக் கதை, அவர் அப்பா பிரெஞ்சில் திட்டுகிற திட்டு, எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் பெட்டி வந்தது. மெழுகுத்தாளைப் பிரிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் இந்த ஆள் எதற்கு வரப்போகிறார்? அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

அவர் வீட்டில் சர்ச், எங்கள் வீட்டில் மாரியம்மன் கோயில். நடந்த கூத்தைச் சொன்னால் இன்றைக்கு முடியாது. கல்யாணம் நடந்தது, விடுங்கள். வண்டியிலிருந்து முதலில் கழற்றிய ஸ்டாண்டர்டு பிஸ்டனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பேனா வைக்க ஆகும் என்றார்.

இப்போது மூலக்குளத்தில் இருக்கிறோம். வண்டி வருஷக்கணக்காகத் தார்ப்பாயை மூடிக்கொண்டு நின்றது. இந்த வருஷம் அவருக்கு நெஞ்சு மறுபடியும் மக்கர் செய்ய, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். இனிமேல் ஆபரேஷன் தாங்காது, மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வண்டிய ரெடி பண்ணணும். பீச் ரோட்ல ஒன்ன ஒக்கார வெச்சி ஓட்டணும்" என்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ண நீங்கள் கிக்கரை உதைக்கக் கூடாதே என்றேன். அதுக்கு நீதான் இருக்கியே என்றார். ஆக இந்த வயதில் நான் உதைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

செல்வம் பிரித்துப் பார்த்தார். நின்று நின்று உள்ளே துருப்பிடித்து நாற்பதும் போயிருந்தது. இரண்டு வழி சொன்னார். அழுத்தி அடித்துச் செய்கிற ஃபோர்ஜ்டு பிஸ்டன் இப்போது கிடைக்கிறது, அதில் அறுபது போடலாம். காலையில் சூடேறும் வரைக்கும் கடகடவென்று சத்தம் போடும், ஆனால் உடையாது. என்னை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன, அதுதான் கடைசி சைஸ். இல்லையென்றால் குழாயை நன்றாகக் கடைந்து உள்ளே ஸ்லீவ் என்கிற புது இரும்பு உள்ளுறையை இறக்கி, ஸ்டாண்டர்டுக்கே திரும்பிவிடலாம், பழைய பிஸ்டன் இருந்தால் அதையே போடலாம். என் மனசு உடனே பேனா ஸ்டாண்டு பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால்தான் அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

செல்வம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய வார்ப்பும்மா, சூட்டில் விரிசல் விட்டால் ஓடுகிற வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும், இவர் உடம்புக்கு வேண்டாம் என்றார். பிறகு, பிஸ்டனின் பக்கவாட்டில் இழை இழையாக இருந்த கோடுகளை நகத்தால் தடவினார்.

"பாத்தீங்களா, கம்பெனில கடைஞ்ச கோடு அப்படியே இருக்குது. இது தேயவே இல்லம்மா. இத எவன் கழட்டுனான்?"

வீட்டுக்கு வந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த வண்டி அப்ப நல்லாத்தான ஓடுச்சு?"

"நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்பறம் எதுக்கு ரெண்டு வாட்டி கடைஞ்சீங்க?"

பேப்பரை இறக்கவே இல்லை. அதற்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது.

"பிளக் கேட்டா ஒடனே எடுத்துக் குடுத்துட்ட. பிஸ்டன்னா மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

அடப்பாவி மனுஷா! நல்ல இரும்பை, அப்பா கொடுத்த வண்டியை, ஒரு ஸ்டூலில் உட்காருவதற்காகக் கடைந்து தள்ளியிருக்கிறார். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. நான் வேறு தண்ணி ஊற்றி ஓட்டுகிறீர்களா என்று கேட்டவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? பேப்பரைப் பிடுங்கி அவர் தோளில் ஒன்று வைத்தேன்.

செல்வம் சொன்ன இரண்டு வழியையும் அவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "அறுபதே போட்டுடச் சொல்லு. கடைசி சைஸ்னா இன்னா, நமக்கு அது போதும்."

அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. கோபமும் வந்தது. யாருக்குப் போதும்? எனக்குப் போதவில்லை. அவர் எதிரிலேயே செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"ஸ்லீவே போடுப்பா. உள்ள புது பிஸ்டனே போடு, ஸ்டாண்டர்டு சைஸ்ல."

பீச் ரோடு வரைக்கும் போக எதுக்கும்மா இவ்வளவு வேலை என்று செல்வம் கேட்டார்.

"இன்னும் மூணு வாட்டி கடையறதுக்கு எடம் வேணும்" என்றேன். கட்டிலில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது, நிறுத்தச் சொன்னேன்.

இப்போதெல்லாம் பிஸ்டனுக்கு யாரும் கடை வாசலில் நிற்பதில்லை. செல்வம் போனில் எதையோ அழுத்தினார், இரண்டே நாளில் பட்டறைக்கு வந்துவிட்டது. பாய் கடை இருந்த இடத்தில் காபி விற்கிறார்கள். பாயும் இல்லை.

ஸ்லீவ் போடுகிற அன்று லேத் பட்டறைக்கு நானும் போயிருந்தேன். இயந்திரம் சுற்றச் சுற்றப் பழைய சுவர் கறுப்புப் பொடியாக உதிர்ந்து கீழே தட்டில் விழுந்தது. எனக்காக அவர் இரண்டு தடவை கடைந்த சுவர். மிச்சம் இருந்ததை நானே கடையச் சொல்லிவிட்டேன். வேலை முடிந்ததும் அங்கிருந்தவர் தட்டை எடுத்துப்போய் வெளியே கொட்டிவிட்டு வந்தார்.