கறுப்பு நூல் ஏறாத அறை

வாங்கப்போகும் வீட்டுக்கு விலை பேசி வாய் வார்த்தையும் கொடுத்துவிட்ட நாளிலிருந்து இஞ்ச் அக்காவுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. போகிற இடமெல்லாம் கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து அளந்துவிடுவதால் தெரு வைத்த பெயர் அது. வக்கீல்களுக்குக் கறுப்பு அங்கி தைப்பது தொழில். பாதி வாழ்க்கை வாடகை வீட்டு ஜன்னலோரங்களில் போயிற்று. மிஷினுக்கென்று சொந்தமாய் ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் தடவை வீடு பார்க்கப் போனபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால், மிஷினுக்கென்று நினைத்த அறையைச் சோதிக்கத் தோன்றவில்லை. மறுபடி போனபோது விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் போதுமா என்று எந்த அறையிலும் செய்வதுபோல ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துப் பார்த்தாள். ஏறவில்லை. நுனியை நனைத்தாள். அப்போதும் ஏறவில்லை.

வீடு திரும்பியவள் உட்காரவே இல்லை. அடுப்பை ஏற்றினாள், அணைத்தாள். கத்தரிக்கோலைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்றார் வேன் ஓட்டும் கணவர்.

"அந்த வீடு வேணாங்க. அறை இருட்டா இருக்கு."

"ஷெட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலை அவளே சொல்லப் போனாள். வீட்டை விற்பவள் ஓய்வுபெற்ற நர்ஸ், அவளைவிட மூத்தவள். பாத்திரங்களைப் பாதி கட்டி வைத்திருந்தாள்.

"வார்த்தை மாறுறேன்னு நினைக்காதீங்க சிஸ்டர். அந்த அறையில நூல்கூடக் கோக்க முடியல."

"எங்க, ஊசியக் குடும்மா."

அதே அறை, அதே ஜன்னல். நர்ஸ் மூக்குக்கண்ணாடிகூடப் போடவில்லை. நூல் ஒரே போக்கில் ஏறியது. ஊசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

"எத்தன நாளா இப்படி?"

ஜன்னலோரத்திலும் கொஞ்ச நாளாக நூல் முரண்டு பிடித்ததுதான். நூல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டியே அதைக் கடத்தியிருந்தாள். அறையின் இருட்டு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். இதிலிருந்து எப்படி வருவது?

"டாக்டர்கிட்ட காட்டு. நான் ஒரு மாசம் வேணா பொறுத்துக்கறேன்."

"வேணாம் சிஸ்டர். இப்பதான் நிச்சயமா வேணாம். இந்த வீட்டுக் கடனக் கட்டப் போறதே இந்தக் கண்ணுதான். வேற யாராவது கேட்டா குடுத்துடுங்க."

நர்ஸ் கட்டிய மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நர்ஸ் கோத்த ஊசியைச் சட்டைக் கையில் குத்திக்கொண்டு இஞ்ச் அக்கா வீடு வந்தாள். அங்கியின் விளிம்பை மடித்துத் தைக்க ஆரம்பித்தாள். நூல் தீரத் தீரத் தையல் அகலமாகிக்கொண்டே போனது, எட்டிப் போட்டால் நூல் மிச்சமாகும் என்பதுபோல. கடைசியில் தீர்ந்தது. புது நூலை எடுத்தாள், வைத்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள்.

"இங்க கொஞ்சம் வாங்களேன்."

"வீட்டப் பத்தின்னா பேச்சே எடுக்காத," என்றபடி வந்தார் கணவர்.

"வீட்டப் பத்தி இல்ல," என்று ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினாள்.