இத்தாலியப் பாட்டும் வீட்டுக்கார அம்மாவும்

மனைவி இறந்த ஆறாம் மாதம் செஞ்சிக்கு மாற்றலாகி வந்தேன். யாராவது கேட்டால், அவள் சென்னையில் இருப்பதாகச் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை மலை தெரியும் மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த ஓபரா பாட்டுகளை ஃபோனில் கேட்பேன்.

ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கார அம்மா மும்தாஜ் கதவைத் தட்டினார்.

“இன்னா சார், யாரோ அழுவுற மாதிரி கேக்குது?”

எனக்கு எரிச்சல். “இது ஓபராங்க. நாடகம் முழுக்கப் பாட்டாவே பாடுவாங்க. இத்தாலியில பொறந்தது. அப்புறம் பிரெஞ்சு, ஜெர்மன்னு போச்சு. இது இத்தாலியன். உங்களுக்குப் புரியாது.”

“உங்களுக்குப் புரியுதா சார்?”

இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பாட்டு முடியும்வரை அவர் வாசலிலேயே நின்று கேட்டார். “பாவம், அந்தப் பொண்ணு யாரையோ கூப்ட்டுனே இருக்குது. அவங்க வரல போல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்க சம்சாரம் எப்ப சார் வராங்க?” என்று கேட்டார்.

வழக்கமான பொய் வாயில் வரவில்லை.

“அவ வரமாட்டாம்மா. செத்துட்டா.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அவங்க பேரு இன்னா சார்?” என்றார்.

சொன்னேன். அத்தனை நாளும் எனக்குத் தெரியாத மொழியில் யார் யாரோ எனக்காக அழுதுகொண்டிருந்தார்கள். நானே அழுதது அன்றுதான்.